ஒரு நல்ல வார்த்தைக்காக மையித்தாகப் படுத்தேன்

என் மனைவியின் வாயால் ஒரு நல்ல வார்த்தை கேட்க வேண்டுமானால் செத்துத்தான் ஆக வேண்டும். கோபத்தில் சொல்லவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வதுதான். அவளே இதை மறுத்ததில்லை.

அவள் வேலை அப்படி. எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களில் பெண் யாராவது மவுத்தானால், மையித்தைக் குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, முகத்தைக் கடைசியாகப் பார்க்கிற மாதிரி வைத்துக் கொடுப்பவள் அவள்தான். மையித்து என்றால் நமக்கெல்லாம் உயிர் போன உடம்பு. அவளுக்கோ, குறுக்கே பேசாமல் நிதானமாகக் கேட்டுக்கொள்ளும் ஒரே ஆள்.

திரைக்குப் பின்னால் அவள் வேலையைத் தொடங்கியதுமே பேச்சும் தொடங்கிவிடும். "இப்பத் தண்ணி ஊத்தப் போறேம்மா, பயப்படாதீங்க, கையில ஊத்திப் பாத்துட்டேன், வெதுவெதுன்னுதான் இருக்கு." கையைத் தூக்கும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, இதோ ஆச்சு." அப்புறம் வெளியே யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்வாள். "பெரிய பொண்ணு வந்துட்டா. சின்னவ ரயில்ல வந்துட்டிருக்கா. மருமகன் நாற்காலி தூக்கிப் போட்டுட்டிருக்காரு, நல்ல பிள்ளை." வெளியே அழுதுகொண்டிருப்பவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்சம் அடங்குவார்கள்.

குளிப்பாட்டப் போகும் முன் வீட்டு ஆட்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "இவங்க செஞ்சதுல ஒரு நல்லது சொல்லுங்க. பெருசா வேணாம்." கேட்டதை மனதில் வைத்துக்கொண்டு, கடைசித் தண்ணீர் ஊற்றும்போது மையித்தின் காதோரம் குனிந்து சொல்வாள்.

ஒருமுறை மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுக்காரம்மா மவுத்தாகிவிட்டார். குடித்தனக்காரர்களைக் கரித்துக் கொட்டியே காலம் தள்ளிய அம்மா. நல்லது ஒன்று சொல்லுங்கள் என்றதும் வீடே திருதிருவென்று முழித்தது. மகன் கூரையைப் பார்த்தான். கடைசியில் மருமகள்தான், "நாங்க தூங்கிட்டிருந்தா, கதவைச் சத்தம் வராம சாத்துவாங்க" என்றாள். என் மனைவி உள்ளே போய், "ஏம்மா, கதவைச் சத்தம் வராம சாத்துவீங்களாமே! உங்க மருமகதான் சொல்றா. எத்தனை பேருக்கு வரும் அந்தக் குணம்?" என்று அந்த அம்மாவிடம் சொன்னாள். அதுவரை அழாமல் நின்றிருந்த மருமகள் அப்போது உடைந்து அழுதாள்.

இதெல்லாம் மையித்துக்கு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு வேறு பாஷை. காய்கறிக்காரர் அவளைக் கண்டால் தராசைத் துடைத்து வைப்பார். எங்கள் மகள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். மகள் தொலைபேசியில் அழைத்தால், இவள் "என்ன, இன்னிக்குத்தான் அம்மா இருக்கிறது ஞாபகம் வந்துதா?" என்றுதான் ஆரம்பிப்பாள். என் விஷயம் கேட்கவே வேண்டாம். நான் குழாய் வேலை செய்கிறவன். ஊருக்கே என்னைக் குழாய்க்காரர் என்றுதான் தெரியும். அவளுக்கு இது ஒன்றே போதும். "ஊர்க் குழாயெல்லாம் அடைச்சிட்டு வர்றாரு, நம்ம வீட்டுக் குழாய் நாலு வருஷமா ஒழுகுது." வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இதைச் சொல்லியிருக்கிறாள்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை? மூச்.

இப்போது வாதத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிவாசலில் மாலை அஸர் தொழுகை முடிந்ததும் செருப்பு வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் உள்ள பெஞ்சில் நாலைந்து பேர் உட்காருவோம். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இறந்தவர்களுக்கு நாம் பேசுவது கேட்குமா, கேட்காதா?

கேட்கும் கட்சிக்குத் தலைவர் செருப்புக் கடைக்காரர். அவருக்கு ஒரு நபிமொழி, ஒரே ஒரு ஹதீஸ் போதும்: அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறவர்களின் செருப்புச் சத்தத்தை கபுரில் இருப்பவர் கேட்கிறார். தன் வியாபாரத்துக்கே கிடைத்த சான்று மாதிரி அதைச் சொல்வார். அதனாலேயே அவருக்குச் செருப்புச் சத்தம் என்று பெயர் வைத்துவிட்டோம். "செருப்புச் சத்தம் கேக்குதுன்னா, பேச்சு கேக்காதா? கபுருக்குப் போனா ஸலாம் சொல்றோமே, கேக்காதவங்களுக்கா ஸலாம்?" என்பார்.

கேட்காத கட்சிக்குத் தலைவன் நான். இறந்தவர்களை உம்மால் கேட்கச் செய்ய முடியாது என்று குர்ஆனில் வசனமே இருக்கிறதே என்பேன். அவர் உடனே பத்ருப் போருக்குப் போவார். போரில் மாண்ட எதிரிகள் கிடந்த கிணற்றைப் பார்த்து நபியவர்கள் பேசினார்கள், உயிர் இல்லாதவர்களோடா பேசுகிறீர்கள் என்று தோழர்கள் கேட்டார்கள், நான் சொல்வது உங்களுக்குக் கேட்கிற மாதிரியே அவர்களுக்கும் கேட்கிறது என்று பதில் வந்தது என்பார். நான், அதை நபியவர்களின் மனைவி ஆயிஷா நாயகி அப்படி ஏற்கவில்லையே, கேட்கிறார்கள் என்றல்ல, உண்மையை இப்போது அறிந்துகொண்டார்கள் என்றுதான் பொருள் என்றார்களே என்பேன். அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். தொழுகை நடத்தும் எங்கள் இளம் ஹஜ்ரத் அது முடிந்து வெளியே வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொள்வோம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "மார்க்கம் படிச்ச பெரிய பெரிய ஆலிம்களே ரெண்டு பக்கமும் இருந்திருக்காங்க. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டா எனக்கும் சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு நழுவிவிடுவார்.

ஏன் இந்தக் கட்சியில் இவ்வளவு பிடிவாதமாக நின்றேன் என்று இப்போது சொல்லிவிடலாம். மார்க்க அறிவு பெருகி வழிந்ததால் அல்ல. ஒருநாள் அவளிடம் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, நான் மவுத்தானா என்னை நீயே குளிப்பாட்டுவியா?"

"பொண்டாட்டி புருஷனைக் குளிப்பாட்டலாம். நான் இருந்தா நான்தான். வேற யாரு உங்களைத் தாங்குவா?"

"அப்ப என் காதுல என்ன நல்லது சொல்லுவ?"

"அப்பச் சொல்றேன்."

"இப்பவே சொன்னா என்ன?"

"இப்பச் சொன்னா நீங்க திருப்பி எதையாவது பேசிக் கெடுத்துடுவீங்க. மையித்து கெடுக்காது."

"எனக்குத்தான் அப்பக் கேக்காதே!"

"கேக்கும்."

"கேக்காது."

"கேக்கலைன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

ஆக, என் நிலைமையைப் பாருங்கள். இறந்தவர்களுக்குக் கேட்கும் என்றால், செருப்புச் சத்தம் ஜெயிப்பார், எனக்கும் என்றாவது ஒருநாள் அந்த வார்த்தை கிடைக்கும். கேட்காது என்றால் வாதத்தில் நான் ஜெயிப்பேன், அந்த வார்த்தையை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்க மாட்டேன். ஜெயித்தால் நஷ்டப்படுகிற வழக்கை உலகத்தில் நான் ஒருவன்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஆனால் எனக்கு வேண்டியது வாதம் அல்ல. கேட்காது, கேட்காது என்று நான் அடித்துச் சொல்லிக்கொண்டே இருந்தால், உயிரோடு இருக்கும்போதே அவள் சொல்லித்தானே ஆக வேண்டும்? இதுதான் என் கணக்கு. அது அவளிடம் ஒரு பைசாவுக்குச் செல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஹஜ்ரத் ஒரு ஏற்பாடு செய்தார். குளிப்பாட்டத் தெரிந்த பெண் ஒருத்தி மட்டும் இருந்தால் போதாது, இன்னும் பத்துப் பேராவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று பள்ளிவாசலின் பக்கவாட்டு அறையில் வகுப்பு வைத்தார். நடத்துவது என் மனைவி. சட்டம் ஏதாவது கேட்டால் பதில் சொல்ல ஹஜ்ரத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். முதல் வகுப்புக்கு மையித்தாகப் படுத்தது என் தங்கை. உடம்பெல்லாம் கூச்சம் அவளுக்கு. தோளில் கை வைத்தால் சிரித்தாள், காலில் கை வைத்தால் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "மையித்துன்னா மையித்தா இரு" என்று என் மனைவி அதட்டிய சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். வகுப்புக்கு வந்த பதினைந்து பெண்களில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தார். அவர் வரிசையாக எண் போட்டு நோட்டில் எழுதுகிறவர். மற்றவர்கள் அவரைப் பார்த்து எழுதுவார்கள். இரண்டாவது வகுப்பு முடிந்ததும் நோட்டுகளைச் சரிபார்க்க ஹஜ்ரத்திடம் கொடுத்தார்கள். அதில் இருந்தது: "ஏழு: இடது கையைத் தூக்கும்போது, கொஞ்சம் பொறுத்துக்கங்க என்று கூற வேண்டும். எட்டு: மருமகன் நாற்காலி போடுவதைத் தெரிவிக்க வேண்டும்." பதினைந்து நோட்டிலும் இதே.

ஹஜ்ரத் தலையில் கை வைத்துக்கொண்டார். நாளைக்கு மருமகனே இல்லாத வீட்டில் இவர்கள் என்ன செய்வார்கள்? என் மனைவியைக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க வேலை செய்யும்போது பேசுறதை நான் தப்புன்னு சொல்லலை. ஆனா கத்துக்கிறவங்க அதையும் சட்டம்னு நினைச்சுக்கிறாங்க. அடுத்த வகுப்புல மட்டும் வாயைத் திறக்காம செஞ்சு காட்டுங்க" என்று பணிவாகக் கேட்டார்.

"அதுக்கென்ன, பேசாம செய்றேன்" என்று அவள் சொல்லிவிட்டு வந்தாள். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

மூன்றாவது வகுப்புக்குப் பாடம், புருஷனை மனைவி குளிப்பாட்டுவது. வந்தவர்களில் ஒரு விதவைப் பெண், "எனக்கு அப்பத் தெரியாதுக்கா. தெரிஞ்சிருந்தா அவருக்கு நானே செஞ்சிருப்பேன்" என்று சொன்னதிலிருந்து வந்த பாடம் அது. இதற்குத் தங்கை உதவ மாட்டாள். என் மனைவி தொட்டுச் செய்து காட்டக்கூடிய புருஷன் ஒருவன்தான். என்னைக் கேட்கக்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாதீங்க, மையித்தாப் படுக்கணும்" என்றாள், கடைக்குப் போய்வரச் சொல்வது மாதிரி.

சரி என்றேன். பழைய பனியன், முழுக் கால்சட்டை, மேலே கழுத்திலிருந்து பாதம் வரை வெள்ளைப் போர்வை. கண்ணைத் திறக்கக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு கட்டளைகள்.

அந்த அறையில் இருந்த குளிப்பாட்டும் மேடை நான் போட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் எவர்சில்வர் தகடு வைத்து, தண்ணீர் தேங்காமல் கால் பக்கம் ஓட இரண்டு விரல் சாய்வு கொடுத்து, ஓரத்தில் வாய்க்கால் மடித்து, கைப்பிடிக் குழாய் பொருத்திக் கொடுத்தேன். பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். படுத்துப் பார்த்தவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. அன்று நான் படுத்த பிறகுதான் தெரிந்தது, தகடு எலும்பு வரைக்கும் சில்லிடுகிறது. சாய்வு அதிகமாகி, உடம்பு கால் பக்கமாக வழுக்கிக்கொண்டே போகிறது. தண்ணீர் போகும் ஓட்டையின் விளிம்பு குதிகாலைக் குத்துகிறது. போதாததற்குக் கைப்பிடிக் குழாயிலிருந்து சொட்டு ஒன்று சரியாக என் நெற்றியில் விழுந்தது. நம் வேலை நம் தலையிலேயே விடிந்தது என்று நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

அவள் தொடங்கினாள். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னாள். அதோடு சரி, சத்தம் இல்லை. தண்ணீர் விழும் சத்தம், துணி பிழியும் சத்தம், பேனா கிறுக்கும் சத்தம். முப்பத்தோரு வருடத்தில் அவள் பக்கத்தில் இவ்வளவு அமைதியை நான் அனுபவித்ததில்லை. ஒரு நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பயமாக இருந்தது.

தலையைக் கழுவினாள். அடுத்து என் இடது தோளில் தண்ணீர் விழுந்தது.

"அக்கா, வலது பக்கம்தானே முதல்ல?" டீச்சரின் குரல்.

தண்ணீர் நின்றது. அவள் வலது பக்கம் வந்தாள். ஊற்றினாள். மறுபடி ஊற்றினாள். மறுபடியும்.

"இது மூணாவதா, நாலாவதாக்கா?"

இன்னொரு குவளைத் தண்ணீர் விழுந்தது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையைச் செய்கிறவள், நூறு பேருக்கு மேல் குளிப்பாட்டியவள், ஒரு தடவைகூட முறை தவறாதவள், பதினைந்து பேருக்கு முன்னால் தடுமாறுகிறாள். துடைத்த தோளையே துணியால் மறுபடி மறுபடி துடைத்தாள். யாரோ பின்னால் கிசுகிசுத்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து உட்கார்ந்து, அவளைப் பேச விடுங்கள் என்று கத்தலாமா என்றிருந்தது. மையித்துக்கு அந்த உரிமை இல்லை.

குவளையை மேடையில் வைத்தாள். "ஹஜ்ரத், மன்னிச்சுக்கங்க. வாயை மூடிட்டா எனக்குக் கை ஓடாது. பேசிப் பேசித்தான் எனக்கு வரிசையே தெரியும்."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. பிறகு ஹஜ்ரத் சொன்னார். "சரிக்கா, பேசுங்க. நோட்ல மட்டும் யாரும் எழுத வேணாம்."

பேனாக்கள் மூடும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றாள். குரல் மாறிவிட்டது. திரைக்குப் பின்னாலிருந்து ஊரெல்லாம் கேட்ட அந்தக் குரல். வீட்டில் எனக்கு ஒருநாளும் கிடைக்காத குரல். "வலது பக்கம் ஊத்தறேன். தகடு சில்லுன்னு இருக்கும், பொறுத்துக்கங்க, நீங்க போட்ட தகடுதான்." பெண்கள் சிரித்தார்கள். "இப்ப இடது பக்கம். வெளியில செருப்புக் கடைக்காரர் நிக்கிறாரு. எட்டிப் பார்க்காத குறைதான். உங்க தங்கச்சி ஜன்னல்கிட்ட நின்னு சிரிக்கிறா." கை ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, ஒன்றும் பிசகவில்லை. கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைத்த வாசனை வந்தது.

அவள் வழக்கப்படி இப்போது காதில் நல்லது சொல்ல வேண்டும். மூச்சு விட்டால் போர்வை அசைந்து காட்டிக் கொடுத்துவிடுமே என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

"வீட்டு ஆளுங்ககிட்டதான் கேப்பேன்" என்று மெதுவாகச் சொன்னாள், தனக்குத்தானே. "இந்த மையித்துக்கு வீட்டு ஆள் நான்தான்."

குனிந்தாள். ஆனால் அறை அவ்வளவு அமைதியாக இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"நான் முதல் முதலா ஒரு மையித்தைக் குளிப்பாட்டிட்டு வந்த அன்னைக்கு, எனக்கு இருபத்தியேழு வயசு. கீழ் வீட்டு அம்மாவுக்கு யாரும் இல்லைன்னு நான் போயிட்டேன். தலை முழுகிட்டு வந்து சமைச்சு வச்சேன். உங்க அம்மா தொடலை. உங்க அண்ணன் தொடலை. மையித்தைத் தொட்ட கையால ஆக்கின சோறுன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. நான் அடுப்படியில நின்னு, இனிமே இந்த வேலைக்குப் போகக்கூடாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க வேலை முடிஞ்சு வந்தீங்க. தட்டை எடுத்து வச்சீங்க. போடும்மான்னீங்க. எல்லாரும் பார்த்துட்டிருக்கும்போது என் கையால போட்டதைச் சாப்பிட்டீங்க. ரெண்டாந்தடவையும் கேட்டு வாங்கினீங்க. அதுக்கப்புறம் நான் குளிப்பாட்டின அத்தனை பேரும், உங்களாலதான். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லத் தெரியலை. முப்பத்தோரு வருஷமா திட்டியிருக்கேன், மன்னிச்சுக்கங்க. அதுல பாதி சும்மா."

கொஞ்சம் நிறுத்தி, "மீதிப் பாதி நீங்க செஞ்சதுக்குத்தான்" என்றாள்.

எனக்கு அந்த நாளே ஞாபகம் இல்லை. அதுதான் கொடுமை. அவள் சொல்லச் சொல்ல மங்கலாக ஏதோ வந்தது: ஒரு பெரிய கட்டடத்தில் தண்ணீர்த் தொட்டி ஏற்றிய நாள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு. யார் சாப்பிட்டார்கள், யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று நான் பார்க்கவே இல்லை. எனக்குப் பசி. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்ல வாய் துடித்தது. நீ நினைக்கிற மாதிரி பெரிய மனுஷன் இல்லை நான் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருடம் வராத வார்த்தை கடைசியில் வந்திருக்கிறது, வந்த வார்த்தைக்குப் பதில் சொல்ல முடியாமல் மரக்கட்டையாகக் கிடக்கிறேன். பெஞ்சில் உட்கார்ந்து கேட்குமா கேட்காதா என்று எத்தனை நாள் கத்தியிருப்போம்! கேட்ட பிறகு பதில் சொல்ல முடியாமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை.

மூடிய கண்ணுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதுப் பக்கம் ஓடியது.

முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சர்தான் கேட்டார், குரல் உடைந்திருந்தாலும் கேள்வியை விடவில்லை. "அக்கா, மையித்து அழுதா என்ன செய்யணும்?"

"தொடச்சு விடணும்" என்றாள் என் மனைவி. பஞ்சை எடுத்து வலது கண்ணைத் துடைத்தாள், அப்புறம் இடது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஹஜ்ரத், இன்றைக்குப் பாடம் இவ்வளவு போதும் என்றார்.

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தேன். செருப்புச் சத்தம் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியாக என் தங்கை எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. "குழாய்க்காரரே, இப்ப சொல்லுங்க. கேக்குமா, கேக்காதா?"

"நிஜமா செத்தாத்தான் தெரியும். அது அல்லாஹ்வுக்கு வெளிச்சம். ஆனா ஒண்ணு சொல்றேன், உங்க வீட்டு அம்மாகிட்ட ஏதாவது சொல்ல வேண்டியிருந்தா இன்னிக்கே போய்ச் சொல்லிடுங்க."

"நானா? என்ன சொல்றது?" என்று அவர் மிரண்டுபோய் நின்றார். நான் நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

அவள் எனக்கு முன்பே வந்து, ஈரத் துணிகளைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் பழைய கடுகடுப்பு வந்துவிட்டிருந்தது. "தலையைச் சரியாத் துவட்டக் கூடாதா? சளி பிடிச்சா யாரு பாக்கிறது? அந்தக் கைப்பிடிக் குழாய் சொட்டுது, பாத்தீங்களா? நம்ம வீட்டுக் குழாய்க்கு அது தம்பி."

"ஏம்மா, நான் உனக்குப் பதில் சொல்லணும்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். சொன்னா கெடுத்துடுவீங்க."

"கெடுக்க மாட்டேன். முப்பத்தோரு வருஷமா நீ எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லலைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன். நான் உனக்கு என்ன சொல்லியிருக்கேன்? யோசிச்சுப் பார்த்துட்டே வந்தேன். ஒண்ணுமே ஞாபகம் வரலை."

அவள் கையில் இருந்த துணி கொடியில் பாதியில் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு துணியைக் கொடியில் போட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கட்டிலில் நேராக மல்லாந்து படுத்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணை மூடினாள்.

"சரி, சொல்லுங்க. நான் மையித்து. குறுக்கே பேச மாட்டேன்."

நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "இப்பத் தண்ணி ஊத்தப் போறேம்மா" என்றேன். அவள் உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. நல்ல மையித்துதான்.

அப்புறம் வந்துவிட்டது. மகள் பிறந்த சமயம் அவள் பட்ட பாட்டைச் சொன்னேன். எனக்கு முதுகு பிடித்துக்கொண்ட மூன்று மாதம் அவள் என்னைத் திட்டிக்கொண்டே தூக்கி நிறுத்தியதைச் சொன்னேன். அவள் மையித்துக்களிடம் பேசுவதைக் கேட்க, திரைக்கு வெளியே வேலை இருக்கிற மாதிரி பல தடவை நான் நின்றிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கடைசியில் மனது கேட்கவில்லை.

"ஒரு உண்மையையும் சொல்லிடறேன். நீ கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு நான் பெரிய மனசு பண்ணியெல்லாம் சாப்பிடலைம்மா. எனக்குச் செம பசி. யாரு சாப்பிடலைன்னுகூட நான் பார்க்கலை."

மையித்து ஒரு கண்ணைத் திறந்தது.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு வீட்ல எல்லாருக்கும்தான் பசி."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கம் இழுத்துக்கொண்டேன். குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ம், மேல சொல்லுங்க" என்றாள்.

மேலே சொன்னேன்.